அம்மனுக்குக் கொட்டாத உப்பு

என் சட்டைப் பையில் இருந்த பேனாவில் மை கிடையாது. ரீஃபிலை உருவி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பொடி உப்பை நிரப்பி வைத்திருந்தேன். எதையோ யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு பேனா முனையை நாக்கில் தட்டினால் போதும். பார்க்கிறவர்களுக்கு நான் இருப்புப் பதிவேட்டை நினைத்துக் கவலைப்படும் ஸ்டோர் கீப்பர். என் பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் நான் அவ்வளவு பொறுப்பானவனாகத் தெரிந்தது அந்த ஏழெட்டு மாதம்தான்.

ஒருநாள் லோடு இறக்க வந்த டிரைவர் கையெழுத்துப் போடுவதற்காக அந்தப் பேனாவை என் பையிலிருந்து உருவிவிட்டார். சலானில் எழுத்து விழவில்லை. உதறினார். வெள்ளையாகக் கொட்டியது.

"என்ன சார் இது, பேனாவுல மாவு வருது?"

"பூச்சி அரிக்காம இருக்கறதுக்கு" என்றேன்.

அவர் என்னையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அடுத்த மூட்டையை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் வழக்கம்போல அண்ணனின் வலது கை நினைவுக்கு வந்தது.

அண்ணனுக்கு முந்தைய வருஷம் பக்கவாதம். பி.பி. இருப்பதே அவருக்குத் தெரியாது. காலையில் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று அண்ணியிடம் சண்டை பிடித்தவர், கை கழுவப் போன இடத்தில் விழுந்தார். அன்றிலிருந்து வலது பக்கம் அசைவில்லை. தாடிக்கொம்பில் அவர் வீட்டுக் கட்டிலில் அந்தக் கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடக்கும். பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே என் மனைவி எங்கள் சமையலறையிலிருந்து உப்பு ஜாடியை இறக்கி, பீரோவில் வைத்துப் பூட்டினாள். நகைக்குக்கூட அவள் அந்தப் பூட்டைப் போட்டதில்லை.

"ஒரே வகுத்துல பொறந்தவங்க. அவருக்கு வந்தது ஒங்களுக்கு வர எம்புட்டு நேரம்? நாளைக்கே போயி பி.பி. பாருங்க."

"பாத்தா இருக்குன்னு சொல்லிருவாங்கடி. பாக்காத வரைக்கும் இல்லதான?"

இதை நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அப்போது என் மருத்துவ அறிவு முழுவதுமே அவ்வளவுதான். பயந்தவன் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேசினேன். பார்ப்பதற்குப் பதிலாக உப்பில்லாத சாப்பாட்டுக்குச் சம்மதித்தேன்.

அங்கேதான் ஆரம்பித்தது. அதற்கு முன் நான் உப்புக்கு அலைந்தவன் இல்லை. தடை வந்ததால்தான் ஆசை வருகிறது, திருட்டுப் புத்தி, என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் அந்த ஆசை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. காலையில் கண் விழிக்கும்போதே நாக்கு எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில். தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வந்து இறங்கும் ஆட்டுத்தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தூவி அடுக்க வேண்டும். அதற்காகக் கிடங்கின் மூலையில் ஆள் உயரத்துக்கு உப்பு குவிந்திருக்கும். அந்தக் குவியலுக்குக் காவலாக, உலகத்திலேயே உப்புக்கு அதிகமாக ஆசைப்படும் ஒருவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அது தின்கிற உப்பு இல்லை. மண்ணும் முடியும் கலந்தது, பழுப்பு நிறம். அதை மட்டும் தொடுவதில்லை என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். மனிதனுக்கு ஒரு ஒழுக்கம் வேண்டாமா?

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாவற்றையும் செய்தேன். ஸ்டேப்ளர் பின் டப்பாவில் காய்ந்த நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டுகள் இருந்தன. மேஜையின் கடைசி அறையில் நெத்திலிக் கருவாடு. வேறு எந்த அலுவலகத்திலாவது மேஜைக்குள் கருவாடு வைக்க முடியுமா? தோல் ஷாப்பில் முடியும். அங்கே வீசுகிற வாடையில் என் கருவாடு ஊதுபத்தி. வாசலில் வெள்ளரிக்காய் வண்டி வைத்திருக்கும் அம்மாவிடம் போய் நின்றால் நான் வாயைத் திறக்கும் முன்பே, "காய் வேணாம், மொளகாப்பொடி உப்பு மட்டும், அதானப்பு?" என்று பொட்டலம் மடித்துவிடுவார். சித்திரை வெயிலில் எதுவும் கிடைக்காத ஒரு மத்தியானம் என் முன்கையையே நக்கினேன். சுமாராக இருந்தது.

என் மனைவியும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டைக் கொடுக்கிற சாக்கில் நேராக ஷாப்புக்கே வந்தாள். எனக்குப் பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கும் அக்கா இருக்கிறார். வயதில் மூத்தவர், ஷாப்பில் எல்லாருக்கும் அக்கா. அவர் முன்னால் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

"அக்கா, இவருக்கு ஒரு கல்லு உப்பு குடுக்க மாட்டேன், யாரும் குடுக்க விடமாட்டேன்னு கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

அக்கா பட்டென்று அடித்தார். எங்கள் பக்கத்தில் கையில் அடித்த சத்தியத்தை யாரும் மீறமாட்டார்கள். நீதிமன்றத்தில் செய்கிற சத்தியத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.

அதோடு மத்தியானச் சாப்பாடும் போயிற்று. நாங்கள் வட்டமாக உட்கார்ந்து, டப்பாக்களைத் திறந்து, ஒருவர் குழம்பை ஒருவர் ஊற்றிக்கொண்டு சாப்பிடுவதுதான் வழக்கம். இப்போது என் டப்பா மட்டும் வட்டத்துக்கு வெளியே. உப்பில்லாத புளிக்குழம்பு, உப்பில்லாத பீன்ஸ் வெஞ்சனம். அடுத்தவர் டப்பாப் பக்கம் என் கை நீண்டால் அக்கா கரண்டியால் விரல் முட்டியில் தட்டுவார்.

"தம்பி, ஒங்க அண்ணன நெனச்சுப் பாருங்க. பிள்ளைகள நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்துக்கொண்டேதான் பேனாவைத் தட்டினேன். ஒவ்வொரு தட்டலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் வாங்கிப் போடுவது என்று எனக்குத் தெரியும். நான் செத்தால் அது என் நாக்கு செய்த கொலை. இது நிச்சயமாகத் தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை.

ஆடி பிறக்கும்போது பெல்ட்டில் ஆணியால் மூன்றாவது ஓட்டை போட்டிருந்தேன். கிடங்கிலிருந்து அலுவலகத்துக்குப் பதினோரு படி. ஆறாவது படியில் நின்று, எதையோ மறந்துவிட்டவன் போலப் பைகளைத் துழாவுவேன். உண்மையில் மூச்சு வாங்க நின்றேன். முகம் கறுத்துவிட்டது. வெயில் என்றார்கள். வெயில் படாத இடமும் கறுத்தது. உள்ளங்கை ரேகைகள் ஒவ்வொன்றும் பேனாவால் இழுத்தது போலக் கருங்கோடாகத் தெரிந்தன. கண்ணாடியில் பல் விளக்கும்போது ஈறில் நாவல்பழம் தின்ற கறை. நான் நாவல்பழம் தின்று பல வருஷம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாடிக்கொம்பில் அண்ணன் தன் இடது கையால் என் கையைப் பிடித்து விரித்தார். ரேகையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மிகவும் சிரமப்பட்டு ஒரு சொல் சொன்னார்.

"களுவு."

"கழுவுறேண்ணே" என்றேன்.

கிடங்கில் தோலுக்கு உப்புப் போடுகிறவர் என் வயதுக்காரர், சாணார்பட்டிப் பக்கம். உறவில்லை, ஆனாலும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் பேனா ரகசியத்தை எப்போதோ கண்டுபிடித்திருந்தார். அக்காவிடம் சொல்லவில்லை. ஒருநாள் குவியலில் மண்வெட்டியைச் செருகிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல ஒரு வெள்ளாடு கெடந்துச்சு மாப்ள. எந்நேரமும் செவுத்த நக்கும். அடிச்சு வெரட்டுனாலும் திரும்ப வந்து நக்கும்."

"பெறகு?"

"பெறகென்ன. மெலிஞ்சு மெலிஞ்சு படுத்துருச்சு. தோலு இங்கதேன் வந்துச்சு."

இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தேன்.

என் நிறம் மாறியதைப் பார்த்து மனைவி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். உடம்பில் ஏதாவது வந்தால் கோயில் முன்னால் உப்பைக் கொட்டுவது எங்கள் வழக்கம். உப்பு கரைவது போல நோயும் கரையும் என்பது கணக்கு. ஆடி வெள்ளியன்று ஒரு பெரிய பாக்கெட் கல்லுப்பை என் கையில் கொடுத்தாள். வீட்டில் பல மாதமாக நான் கண்ணால் பார்க்காத பொருள்.

"நீங்களே ஒங்க கையால கொட்டணும். கொட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வேலைக்குப் போங்க."

அவள் என்னை எவ்வளவு நம்பினாள் என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. வண்டியின் முன்கூடையில் உப்பு. கோயில் தெருவில் ஆடிக் கூட்டம், கூழ் வரிசை, மைக் செட். வண்டி நகரவில்லை. பாக்கெட்டின் மூலையில் ஒரு சின்னக் கிழிசல். ஒரே ஒரு கல் எடுத்தேன். அம்மனுக்கு ஒரு கல் குறைந்தால் தெரியவா போகிறது? இரண்டாவது கல் முதல் கல்லுக்குத் துணை. கூட்டம் விலகி வழி கிடைத்தபோது என் வண்டி கோயிலைத் தாண்டி நேராக ஷாப்புக்குப் போய்விட்டது. வண்டிதான் போயிற்று என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

"கொட்டிட்டீகளா?" என்று போனில் கேட்டாள்.

"கொட்டியாச்சு."

"திரும்பிப் பாத்தீகளா?"

"இல்ல."

அந்த ஒன்று மட்டும் உண்மை.

பாக்கெட் என் மேஜையில், கருவாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பதினொரு நாள் தின்றேன். அந்தப் பதினொரு நாளும் கொஞ்சம் தெம்பாகவே இருந்தேன் என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல். சாதாரணச் சளிக்காய்ச்சல்தான், வீட்டில் பிள்ளைகளுக்கும் வந்தது. அவர்கள் இரண்டு நாளில் எழுந்து விளையாடப் போனார்கள். நான் எழவில்லை. எழுந்தால் சுவர் சாய்ந்தது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அம்மன் உப்பைத் தின்றவனுக்கு வேறென்ன வரும்? ஊரில் எல்லாரையும் கேலி பேசுகிறவன் நான். நேர்த்திக்கடனைப் பற்றியும் பேசியிருக்கிறேன். அந்த வாரம் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. வாந்தி நின்று, சுவரைப் பிடித்து நடக்க முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலை, பேனாவையும் நார்த்தங்காயையும் கருவாட்டையும் சாக்கடையில் எறிந்தேன். மீதியிருந்த உப்பைத் தனியாக முடிந்து வைத்தேன். வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பது, அதுவரை ஒரு கல் தொடுவதில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

நான்கு நாள். உப்பு இல்லை, திருட்டு இல்லை. அக்கா என்னைப் பாராட்டக்கூடச் செய்தார். "இப்பத்தேன் தம்பி ஒழுங்கா இருக்கீக." நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வருவதற்கு நேரம் ஆயிற்று. அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்ததோ என்று நினைத்தேன். வலது கையை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. ஆனால் அது யாருடைய கையோ போலக் கறுத்திருந்தது.

வியாழக்கிழமை முற்பகல் இருப்பு பார்க்கக் கிடங்குக்கு இறங்கினேன். தோல் அடுக்குகளை எண்ணிக்கொண்டே போனவன், முப்பதுக்குப் பிறகு முப்பது, அதற்குப் பிறகும் முப்பது என்று எண்ணினேன். காதில் மைக் செட் இரைச்சல். முழங்கால் மடங்கியது. விழுந்த இடம் உப்புக் குவியல்.

அதன்பின் நடந்ததை உப்புப் போடுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடி வந்து புரட்டியபோது என் கண் செருகியிருந்ததாம். ஆனால் நாக்கு வெளியே வந்து, மண்ணும் ஆட்டு முடியும் ஒட்டிய அந்தப் பழுப்பு உப்பை நக்கிக்கொண்டிருந்ததாம். நான் போட்டு வைத்திருந்த கோடு நான் இல்லாத நேரத்தில் அழிந்துவிட்டது. "நக்காத மாப்ள" என்று என் வாயைப் பொத்தப் போனவர், ஏனோ கையை எடுத்துவிட்டார். வெள்ளாடு நினைவுக்கு வந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

லோடு ஆட்டோவில், காலித் தோல் சாக்குகளுக்கு நடுவே கொண்டுபோனார்கள். எனக்குக் கொஞ்சம் நினைவு வந்தபோது ஆஸ்பத்திரி விளக்கு, கையில் பி.பி. பார்க்கும் பட்டை, தலைமாட்டில் மனைவியின் குரல்.

"பி.பி. குடும்பம் டாக்டர். இவுக அண்ணன் விழுந்துட்டாரு. நான் எட்டு மாசமா ஒரு கல்லு உப்பு சேக்கறதில்ல."

டாக்டர் ஒரு சின்னப் பெண். பட்டையை இன்னொரு முறை கட்டினார். காற்றை ஏற்றி இறக்கினார். நான் பார்க்கப் பயந்த அந்த எண்ணை அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"ஹை பி.பி.ன்னு யாரு சொன்னா?"

யாருமே சொல்லியிருக்கவில்லை.

"ரொம்பக் கொறஞ்சு கெடக்குதும்மா. இம்புட்டுக் கொறையக் கூடாது."

அப்போது வாசலில் நின்ற உப்புப் போடுகிறவர், உடம்பெல்லாம் உப்புத் தூளோடு, உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்: "மேடம், இவரு கெடங்குல உப்ப நக்குனாரு."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் என் உள்ளங்கையை விரித்தார். அண்ணன் தேய்த்த அதே கோட்டை விரலால் தொட்டார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த அவசரம் இப்போது வேறு மாதிரி ஆயிற்று.

"உப்பு வேணும்னு எத்தன நாளாத் தோணுது? மறைக்காமச் சொல்லுங்க."

சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எட்டு மாதம் காப்பாற்றிய மானம். ஆனால் அந்தப் பெண் என் நாடியைப் பிடித்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னேன். பேனா. ஸ்டேப்ளர் டப்பா. வெள்ளரிக்காய் வண்டி. கருவாடு. என் சொந்த முன்கை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். டாக்டர் சிரிக்கவே இல்லை. கடைசியாக மனைவியின் பக்கம் பார்க்காமல், "அம்மன் உப்பையும் தின்னுட்டேன்" என்றேன்.

மனைவியின் கை என் தலையிலிருந்து விலகியது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உண்டாம். இரண்டு பக்கமும். எனக்கு அது செத்துக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் உடம்பில் உப்பு தங்காது, ஓட்டைப் பானைபோல வெளியே போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் உப்பு கேட்டிருக்கிறது, அதனால்தான் கறுத்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை பிறகு அதையே சொன்னது. அன்றைக்கு டாக்டர் முடிவுக்குக் காத்திருக்காமல் ஊசி போட்டு, பாட்டிலை மாட்டினார்.

"நீங்க திருடித் தின்னதுலதான் இத்தன நாள் ஓடியிருக்கு. இந்த நாலு நாள் நிறுத்துனீங்க பாருங்க…" என்று ஆரம்பித்தவர், என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

"இந்தப் பாட்டில்ல ஏறுறது என்ன மருந்து டாக்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"உப்புத்தண்ணிதாம்மா."

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பாட்டில் முடிந்து அடுத்ததை மாட்டினார்கள். பிறகு இடுப்பில் செருகியிருந்த பீரோச் சாவியை எடுத்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தச் சத்தம் சின்னதுதான். நான் கேலி செய்ய ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

அம்மன் கடனை அவளே தீர்த்தாள். என்னைக் கூட்டிப்போனாள், ஆனால் உப்பை என் கையில் கொடுக்கவில்லை.

இப்போது காலையில் மாத்திரை, மத்தியானம் மாத்திரை. ஆயுசுக்கும். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. கோடுகள் மங்கின. உப்பின் மேல் இருந்த வெறி ஒரே வாரத்தில் போய்விட்டது. கருவாட்டைப் பார்த்தால் கருவாடாகத்தான் தெரிகிறது. எனக்கு அதில் சின்ன வருத்தம்கூட உண்டு. ஒரு வேளை மாத்திரை தவறினாலும், காய்ச்சல், வாந்தி என்று வந்தாலும் உடனே வரவேண்டும், தாமதித்தால் ஆளே இருக்கமாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சட்டைப் பையில் அதை எழுதிய சீட்டு ஒன்று. நான் விழுந்தால் எடுத்துப் படிக்கிறவருக்கு. நான் அதிகம் படிப்பதில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். அக்கா ஏதோ குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், என் நாக்கின் நுனியில் அது வந்தது. ரொம்ப நாள் கழித்து வாசலில் வந்து நிற்கும் பழைய ஆள் போல. நான் கையிலிருந்த சோற்று உருண்டையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, நாக்கு உப்புக் கேக்குது."

நான் ஊரறிந்த வேடிக்கைக்காரன். முன்பாக இருந்தால் இதற்கு யாராவது சிரித்திருப்பார்கள். அன்று கதை பாதியில் நின்றது. உப்புப் போடுகிறவர் கை கழுவாமலே எழுந்து ஆட்டோ சாவியைத் தேடினார். நான் பைக்குள்ளிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தேன். காலை என்று எழுதிய அறையில் காலை மாத்திரை அப்படியே இருந்தது. பிள்ளையின் பள்ளி அவசரத்தில் மறந்திருக்கிறேன். வாயில் போட்டு விழுங்கினேன்.

அக்கா ஒரு கையால் போனை எடுத்து என் மனைவிக்கு அடித்தார். இன்னொரு கையால், சத்தியம் செய்த அதே கையால், தன் டப்பா மூடியில் இருந்த உப்பை என் பக்கம் தள்ளினார்.

"தின்னுங்க தம்பி" என்றார். "அந்தா ஆட்டோ வந்துருச்சு. போற வழியெல்லாம் தின்னுக்கிட்டே போங்க."